மெதுவாய் வளரும் குழந்தைக்கு எவ்வளவு ஊட்டுவது?

குழந்தை நன்றாக இருக்கிறதா என்ற கேள்விக்குத் தமிழகம் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தராசைக் கொண்டே விடை தேடி வந்திருக்கிறது. 1980இல் உலக வங்கியின் கடனுதவியுடன் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்து, எடை ஏறாமல் நின்றவர்களை மட்டும் பிரித்தெடுத்துக் கூடுதல் உணவு கொடுத்து, தேறியதும் அதை நிறுத்திக்கொண்டது. அங்கன்வாடியில் தொங்கும் தராசும், தாயின் கையில் கொடுக்கப்படும் அட்டையிலுள்ள வளைகோடும் அந்தச் சிந்தனையின் தொடர்ச்சிதான். எடை ஏறவில்லையென்றால் உணவு போதவில்லை, அல்லது நோய் உண்டு. நோயைத் தீர்த்து உணவைக் கூட்டினால் எடை ஏறும் என்ற இந்தக் கணக்கு பெரும்பாலான குழந்தைகளுக்குச் சரியாகவே பொருந்துகிறது. ஆனால், வளர்ச்சியின் வேகமே மரபணு அளவில் குறைத்து எழுதப்பட்டுவிட்ட மிகச் சில குழந்தைகளுக்கு இதே கணக்கு இரு பக்கமும் ஆபத்தாகிறது. அவர்களுக்குக் குறைவாக ஊட்டினால் இரவில் ரத்தச் சர்க்கரை சரிகிறது. தராசைத் திருப்திப்படுத்தும் அளவுக்கு ஊட்டினால் உயரம் கூடாமல் கொழுப்பு மட்டும் கூடி, பின்னாளில் பருவமடைதல் முந்திக்கொள்கிறது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள குறுகிய பாதையில் குழந்தையை நடத்திச் செல்வது ஒரு மருத்துவச் சிகிச்சை. ஆயினும் மருத்துவ வசதிக்குப் பெயர்போன சென்னையில்கூட அது பெரும்பாலும் தாயின் பொறுமைக்கும் பாட்டியின் அனுபவத்துக்கும் விடப்பட்டிருக்கிறது.

இத்தகைய கோளாறுகளில் நன்கு ஆராயப்பட்டது சில்வர்-ரசல் சிண்ட்ரோம். ஒரே காரணத்தால் விளைந்து ஒன்றாகத் தோன்றும் பல அறிகுறிகளின் தொகுப்பையே மருத்துவர்கள் சிண்ட்ரோம் என்கிறார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஹென்றி சில்வரும் அவருடைய சகாக்களும் 1953இலும், லண்டனில் பணியாற்றிய அலெக்சாண்டர் ரசல் 1954இலும் தனித்தனியே விவரித்ததால் இருவர் பெயரும் இதற்கு நிலைத்துவிட்டன. முப்பதாயிரம் பிறப்புகளுக்கு ஒன்று என்பதிலிருந்து ஒரு லட்சத்துக்கு ஒன்று என்பது வரை இதன் பரவல் பலவாறாக மதிப்பிடப்படுகிறது. அடையாளம் காணப்படாத குழந்தைகள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை என்பதால் இந்த மதிப்பீடுகளைக் குறைந்தபட்சமாகக் கொள்வதே பொருத்தம்.

காரணம் பெரும்பாலும் பதினொன்றாம் குரோமோசோமில் இருக்கிறது. கருவின் வளர்ச்சியை உந்தும் ஐ.ஜி.எஃப்.-2 என்னும் காரணிக்கான மரபணு அங்கே உள்ளது. பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பிரதி வந்தாலும் தந்தை வழிப் பிரதி மட்டுமே இயங்கும்படியும் தாய் வழிப் பிரதி அடங்கியிருக்கும்படியும் இயற்கை அதற்கு முத்திரை இட்டிருக்கிறது. மெத்தில் எனப்படும் வேதிக்குறிகளே அந்த முத்திரை. தந்தை வழிப் பிரதியின் அருகில் இருக்க வேண்டிய குறிகள் உதிர்ந்துவிட்டால் இயங்க வேண்டிய பிரதியும் அடங்கிப்போய், கருப்பையிலேயே வளர்ச்சி தேங்கிவிடுகிறது. அடையாளம் காணப்பட்டோரில் 30 முதல் 60 சதவீதத்தினருக்கு இதுவே காரணம். ஏழாம் குரோமோசோமின் இரு பிரதிகளும் தாயிடமிருந்தே வந்துசேர்வது 5 முதல் 10 சதவீதத்தினரிடம் காணப்படுகிறது. எஞ்சியோரில் பலருக்குக் காரணம் இன்னும் அகப்படவில்லை. மசக்கையில் தாய் சரியாகச் சாப்பிடாததோ, கிரகணத்தன்று வெளியே வந்ததோ இந்த முத்திரையை அழிப்பதில்லை. மருத்துவர் இதை மாமியாரையும் உட்கார வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஏனெனில் பால் போதாதவள் என்ற பழி விழுந்த வீட்டில் எந்த உணவுத் திட்டமும் நிலைப்பதில்லை.

நோயைக் கண்டுபிடிப்பதற்கு விலையுயர்ந்த மரபணுச் சோதனை முதலில் தேவைப்படுவதில்லை என்பது பலரும் அறியாத செய்தி. பன்னாட்டு வல்லுநர்கள் கூடி வகுத்து 2017இல் வெளியிட்ட முதல் பொதுவழிகாட்டி ஆறு அடையாளங்களைக் கேட்கிறது: பிறக்கும்போதே எடையோ நீளமோ மிகக் குறைவாக இருத்தல், இரண்டு வயதிலும் உயரம் எட்டாமை, உடலோடு ஒப்பிடத் தலை பெரிதாக இருத்தல், முன்துருத்திய நெற்றி, உடலின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிடச் சிறுத்திருத்தல், ஊட்டுவதில் தொல்லை அல்லது உயரத்துக்குத் தகாத மெலிவு. இவற்றில் நான்கு இருந்தால் சந்தேகம் உறுதியாகிறது; சோதனை அதற்குப் பிறகுதான். அச்சோதனையும் ரத்தத்தில் மாற்றம் இல்லை என்று சொல்லிவிட்டால் கதை முடிந்துவிடுவதில்லை, ஏனெனில் உடலின் சில திசுக்களில் மட்டும் மாற்றம் இருந்து ரத்தத்தில் புலப்படாமல் போவதுண்டு.

இந்த ஆறில் மூன்றாவதுதான் கைக்குக் கிடைத்தும் கை நழுவிப்போகும் அடையாளம். உலகச் சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சித் தரங்களின்படி ஆண் குழந்தையின் பிறப்பு எடை நடுவளவில் 3.3 கிலோ, நீளம் 49.9 சென்டிமீட்டர், தலைச் சுற்றளவு 34.5 சென்டிமீட்டர். (இத்தரங்களுக்காக அளக்கப்பட்ட குழந்தைகள் ஆறு நாடுகளைச் சேர்ந்தவர்கள், அளவெடுத்த மையங்களில் தெற்கு டெல்லியும் ஒன்று. ஆகவே வெள்ளைக்காரக் குழந்தையின் அளவு நமக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்பவர்களுக்கு இதில் பிடி கிடையாது.) மாதம் நிறைந்து 1.8 கிலோ எடையுடன் ஒரு குழந்தை பிறந்திருக்கிறது, நீளம் 43 சென்டிமீட்டர், தலை 33 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், எடையும் நீளமும் அதலபாதாளத்தில் இருக்க, தலை மட்டும் இயல்பு எல்லைக்குள் நிற்கிறது. பார்ப்பவர் கண்ணுக்கு அந்தத் தலை பெரிதாகத் தெரிவதால் மூளையில் நீர் கோத்திருக்கிறதோ என்ற பயம் எழுந்து ஸ்கேன்மேல் ஸ்கேன் எடுக்கப்படுகிறது. உண்மையில் தலை பெரிதல்ல, உடல்தான் சிறிது. அந்த வேறுபாட்டைக் காட்டுவதற்கு மூன்று எண்கள் போதும். ஆனால் டிஸ்சார்ஜ் சீட்டில் பெரும்பாலும் இருப்பது எடை என்ற ஒரே எண். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பிறப்பு எடை பதிவானவர்களில் ஏறக்குறைய 18 சதவீதத்தினர் இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறக்கிறார்கள் என்பதால், எடை குறைந்த குழந்தை என்ற பெருங்கூட்டத்துக்குள் இந்த அரிய குழந்தை ஓசையின்றிக் கலந்துவிடுகிறது.

இதில் ஒரு முரண் உண்டு. கருவிலிருக்கும் குழந்தையை நுணுக்கமாக அளந்து பார்ப்பதில் சென்னை நாட்டுக்கே முன்னோடியான நகரம். மயிலாப்பூரில் இயங்கும் ஃபீட்டல் கேர் ரிசர்ச் ஃபவுண்டேஷன் 2001 முதல் பிறவிக் குறைபாடுகளுக்கான பதிவேட்டையே பராமரித்து வருகிறது. ஏழாம் மாத ஸ்கேனில் தலையின் சுற்றளவு ஒரு வரியிலும் வயிற்றின் சுற்றளவு அடுத்த வரியிலும் அச்சிடப்பட்டிருக்கும். தலைக்கு ஈடாக வயிறு வளரவில்லை என்ற குறிப்பு பிரசவம் பார்ப்பவருக்குப் பயன்பட்டுவிட்டு, பிரசவம் முடிந்ததும் பிளாஸ்டிக் உறைக்குள் போய்விடுகிறது. குழந்தை மருத்துவர் அதைக் கேட்பதுமில்லை, குடும்பம் அதை எடுத்து வருவதுமில்லை.

இனி ஊட்டும் வேலை. இக்குழந்தைகளின் கீழ்த்தாடை சிறியது, தசை வலுக் குறைவு, எல்லாவற்றுக்கும் மேலாகப் பசியே இல்லை. சாதாரணக் குழந்தை பசித்தால் வீட்டைக் கூட்டிவிடும். இக்குழந்தை ஐந்தாறு மணி நேரமானாலும் அழாமல் தூங்கும், சமர்த்து என்று பெயரும் வாங்கிக்கொள்ளும். மார்பில் விட்டால் நான்கு வாய் உறிஞ்சிவிட்டுக் களைத்துப்போகும். முக்கால் மணி நேரம் போராடி ஊட்டினால், உறிஞ்சியதில் கணிசமான பங்கு உறிஞ்சிய உழைப்புக்கே செலவாகிவிடுகிறது. எனவே ஒரு வேளை ஊட்டல் அரை மணிக்கு மேல் நீளாமலும், இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, கேட்காவிட்டாலும் எழுப்பிக் கொடுக்கும்படியும் மருத்துவர்கள் வகுக்கிறார்கள். மீதமுள்ள தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுத்துப் பாலாடையில் புகட்டுவது நம் வீடுகளில் வழிவழியாக வந்த முறை. குவளை, புட்டி ஆகியவற்றோடு ஒப்பிட்டு இந்திய மருத்துவமனைகளில் ஆராய்ந்தபோதும் அது குறைப்பிரசவக் குழந்தைகளுக்கு ஏற்றதென்று தெரியவந்து, பச்சிளங்குழந்தைப் பிரிவுகளின் நடைமுறையில் இடம்பெற்றிருக்கிறது. ரங்கநாதன் தெருப் பாத்திரக் கடையில் எவர்சில்வரிலும் மயிலாப்பூர் மாட வீதிக் கடைகளில் வெள்ளியிலும் கிடைக்கும் அந்தச் சிறு மூக்குப் பாத்திரத்தைப் பயன்படுத்துவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. குழந்தையைப் படுக்க வைத்து மூக்கைப் பிடித்து ஊற்றுவது அல்ல அது. நிமிர்த்தி உட்கார வைத்த வாக்கில் வைத்து, பாத்திரத்தின் மூக்கு நுனியைக் கடைவாயோரம் பொருத்தி, ஒரு வாய் விழுங்கிய பின்னரே அடுத்ததைச் சாய்க்க வேண்டும். தாடை சிறுத்த குழந்தைக்கு அவசரமாகச் சாய்த்தால் பால் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும் என்பதால், பாட்டி கைப்பழக்கத்தில் செய்வதையும் ஒருமுறை செவிலியர் கண்ணெதிரில் செய்து காட்டச் சொல்வது நல்லது.

இரைப்பையிலிருந்து பால் மேலே ஏறும் எதுக்களிப்பும் மலச்சிக்கலும் இவர்களில் பலரை வாட்டுகின்றன. இவற்றைத் தீர்க்காமல் பசிக்கு மருந்து கொடுப்பது வீண். ஆனால் நடைமுறையில் நடப்பது தலைகீழ். மருந்துக்கடையில் சீட்டில்லாமலே வாங்கப்படும் பசி சிரப்பும், உரைகல்லில் உரைத்த வசம்பும் மாசிக்காயும் ஜாதிக்காயும் முதலில் வருகின்றன. பசி சிரப்பில் உள்ள சைப்ரோஹெப்டடின் என்னும் ஒவ்வாமை மருந்துக்கு இக்கோளாறில் ஓர் இடம் உண்டுதான்; ஆனால் மற்றவை சரிசெய்யப்பட்ட பின், மருத்துவரின் கண்காணிப்பில். உரை மருந்தைப் பொறுத்தவரை, அதன் குணம் எதுவாயினும், ஒரு வேளைக்கு முப்பது மில்லி மட்டுமே கொள்ளும் வயிற்றில் ஐந்து மில்லி இடத்தை அது அடைத்துக்கொள்கிறது என்பதே அதன்மீது சொல்லத்தக்க முதல் குற்றச்சாட்டு.

ஆறு மாதத்துக்குப் பின் திட உணவு தொடங்கும்போது இந்த இடப் பிரச்சினை இன்னும் கூர்மையாகிறது. தண்ணீராகக் காய்ச்சிய கேழ்வரகுக் கஞ்சி வயிற்றை நிரப்பும், சக்தியைத் தராது. கெட்டியாகக் கிண்டினால் சக்தி இருக்கும், குழந்தையால் விழுங்க முடியாது. இந்த இக்கட்டுக்கு நம் அடுக்களையிலேயே விடை இருக்கிறது. தானியம் முளைக்கும்போது அமைலேஸ் என்னும் நொதி, அதாவது மாவுச்சத்தை உடைத்து இளக்கும் பொருள், அதில் உருவாகிறது. முளைகட்டி உலர்த்தி, கருக வறுக்காமல் அரைத்த மாவில் ஒரு சிட்டிகையைக் கெட்டிக் கஞ்சியில் கலந்தால், சக்தி குறையாமல் கஞ்சி மட்டும் இளகிவிடும். பரோடாவில் தாரா கோபால்தாஸ் தலைமையிலான குழுவினர் 1980களில் இதையே ஆய்வாகச் செய்து காட்டினர். அதனுடன் பருப்பு சாதத்தில் நெய், இட்லியில் நல்லெண்ணெய், முட்டையின் மஞ்சள் கரு, நன்கு அரைத்த வேர்க்கடலை, பட்டினப்பாக்கத்து வீட்டில் முள்ளெடுத்த மீன் என ஒவ்வொரு வீடும் தன் வழக்கத்துக்குள்ளேயே சிறிய கவளத்தை வலுவான கவளமாக்க முடியும். பால்மாவை மட்டும் வீட்டுக் கணக்கில் கெட்டியாகக் கரைப்பது கூடாது. அதன் உப்பும் புரதமும் சிறுநீரகத்துக்குச் சுமையாகும் என்பதால் செறிவைக் கூட்டும் அளவை மருத்துவரோ உணவியலாளரோதான் எழுதித் தர வேண்டும்.

குறைவாக ஊட்டுவதன் ஆபத்து பகலில் தெரிவதில்லை. கல்லீரலில் சேமித்த சர்க்கரை மிகச் சொற்பம், தசையும் சொற்பம், ஆனால் சர்க்கரையைச் செலவழிக்கும் மூளையோ இயல்பான அளவு; இந்த ஏற்றத்தாழ்வால் இக்குழந்தைகள், குறிப்பாக ஐந்து வயதுக்கு உட்பட்டோர், இரவுப் பட்டினியில் சர்க்கரை தாழ்ந்துவிடும் அபாயத்தில் இருக்கிறார்கள். உறக்கத்தில் தலையும் பிடரியும் வியர்த்து நனைவது இதன் அடையாளங்களில் ஒன்று என்று நூல்கள் சொல்கின்றன. கத்திரி வெயில் காலத்தில், மின்விசிறிக்குக் கீழேயே வீட்டார் அனைவரும் நனைந்து கிடக்கும் சென்னையில், இந்த அடையாளத்தை நம்பி இருப்பதில் பொருளில்லை. சர்க்கரை தீர்ந்ததும் உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கி, கீட்டோன் என்னும் பொருள் சிறுநீரில் இறங்குகிறது. அதிகாலை முதல் சிறுநீரைக் கீட்டோன் பட்டையில் தொட்டுப் பார்த்து, எத்தனை மணி நேரம் வரை குழந்தை பட்டினி தாங்கும் என்பதை முன்கூட்டியே கணித்துவைப்பது வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய சோதனை.

பத்து மாதத்தைக் கடந்த குழந்தைக்குப் படுக்கப்போகும் முன் வேகவைக்காத சோள மாவைப் பாலில் கலந்து கொடுப்பது பன்னாட்டு வழிகாட்டியில் உள்ள பரிந்துரை. பச்சை மாவு மெல்ல மெல்லச் செரித்து இரவு முழுவதும் சர்க்கரையைச் சொட்டுச் சொட்டாக விடும். இங்கேதான் மளிகைக்கடை குறுக்கிடுகிறது. சூப்பைக் கெட்டியாக்க வாங்கும் வெள்ளை வெளேரென்ற கார்ன்ஃப்ளவர்தான் தேவையான மாவு. ரொட்டிக்கு வாங்கும் மஞ்சள் மக்காச்சோள மாவு அல்ல. அடுத்த தவறு அடுப்பில் நேர்கிறது. பச்சை மாவைக் குழந்தைக்குக் கொடுப்பதாவது என்று பதறி அதைக் கஞ்சியாகக் காய்ச்சிவிட்டால், மாவின் மணிகள் உடைந்து சாதாரணக் கஞ்சியைப் போல விரைவில் செரித்துவிடும். மருந்து மருந்தாக இல்லாமல் போய்விடும். காய்ச்சி நன்கு ஆறவைத்த பாலில்தான் கலக்க வேண்டும் என்ற ஒரு வாக்கியத்தைச் சீட்டில் தமிழில் எழுதித் தருவதற்கு எந்த மருத்துவமனைக்கும் செலவில்லை.

வாந்தி, பேதி, காய்ச்சல் வந்து உணவு இறங்காத நாளில் இக்குழந்தைக்கு விடியும்வரை பொறுத்திருக்க அவகாசம் கிடையாது. நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருக்கும். குடலிறக்கத்துக்கோ விதை இறங்காமைக்கோ அறுவைச் சிகிச்சை என்றாலும் வழக்கமான பட்டினி இவர்களுக்கு ஆகாது. பட்டியலில் முதல் ஆளாக எடுத்து, பட்டினி தொடங்கும் நேரத்திலேயே குளுக்கோஸும் தொடங்க வேண்டும். அவசரப் பிரிவில் இரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவர் இக்கோளாறைக் கண்ணால் பார்த்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆகவே நோயின் பெயர், தாங்கக்கூடிய பட்டினி நேரம், ஏற்ற வேண்டிய திரவம் ஆகிய மூன்றையும் முத்திரையிட்டு எழுதிய ஒரு கடிதம் குழந்தையின் அட்டையோடு எப்போதும் இருந்தாக வேண்டும்.

இவ்வளவையும் படித்த பெற்றோருக்கு இயல்பாகத் தோன்றுவது, அப்படியானால் முடிந்தமட்டும் திணித்துவிடலாமே என்பதுதான். தி.நகர்ப் பூங்காவில் எதிர்ப்படும் எந்த மாமியும் குழந்தையைப் பார்த்ததும் கேட்பது ‘ஏன் இப்படி ஒல்லியா இருக்கு, ஒண்ணும் குடுக்கறதில்லையா’ என்றிருக்கும்போது அந்த எண்ணம் வலுப்பதில் வியப்பில்லை. ஆனால் மறுபக்கத்து ஆபத்து இங்கே காத்திருக்கிறது. இக்குழந்தைகளின் எலும்பும் தசையும் தம் வேகத்தில்தான் வளரும். கூடுதலாகச் செலுத்தும் சக்தி உயரமாக மாறாமல் வயிற்றுக் கொழுப்பாக மாறும். அப்படித் திடீரென்று எடை ஏறிய குழந்தைகளுக்கு எட்டு, ஒன்பது வயதை ஒட்டி எலும்பின் முதிர்ச்சி வேகம் பிடித்து, பருவமடைதலும் முந்தி, வளர்வதற்கு இருந்த கொஞ்ச நாளும் சுருங்கிவிடுகிறது. சிகிச்சை பெறாதவர்களின் இறுதி உயரம் பொதுச் சராசரியிலிருந்து ஏறக்குறைய மூன்று திட்ட விலக்கங்கள் தாழ்ந்து நிற்கிறது என்பது, அதாவது ஆயிரம் பேரை நிறுத்தினால் கடைசி ஓரிருவராக நிற்பார்கள் என்பது, நினைவிருந்தால் அந்தச் சுருக்கத்தின் விலை புரியும்.

இது அரிய நோய்க்கு மட்டும் உரிய எச்சரிக்கையும் அல்ல. 1969க்கும் 1972க்கும் இடையில் டெல்லியில் பிறந்த ஏறத்தாழ 1,500 பேரை 26 முதல் 32 வயதுவரை தொடர்ந்து ஆராய்ந்து 2004இல் வெளியான ஆய்வு, பச்சிளம் பருவத்தில் மெலிந்திருந்து இரண்டு வயதுக்குப் பிறகு உடற்பருமன் அளவில் தொடர்ந்து மேலேறியவர்களிடமே நீரிழிவு மிகுந்திருப்பதைக் காட்டியது. புனேயில் சித்தரஞ்சன் யாக்னிக் குழுவினர், சராசரி 2.7 கிலோ எடையில் பிறக்கும் இந்தியக் குழந்தையிடம் தசை குறைந்திருந்தாலும் கொழுப்பு குறைவதில்லை என்று கண்டறிந்தனர். பத்துக் கோடிப் பேருக்கு நீரிழிவு என்ற 2023ஆம் ஆண்டு மதிப்பீட்டை நாட்டுக்குச் சொன்ன ஆய்வே சென்னை கோபாலபுரத்திலுள்ள நிறுவனம் ஒருங்கிணைத்ததுதான். அப்படிப்பட்ட நகரத்தில், மெலிந்த குழந்தையைக் கொழுகொழுவென்று ஆக்கிக் காட்டுவதை வெற்றியாகக் கொண்டாடும் மனப்பான்மை மருத்துவர்களிடமும் எஞ்சியிருப்பதுதான் உண்மையில் ஆச்சரியம். சில்வர்-ரசல் குழந்தைக்கு இலக்கு ஊரார் கண்ணுக்குச் சற்று மெலிவாகவே தெரியும் உடல்வாகு. தன் உயரத்துக்குத் தக்க எடையின் கீழ் ஓரத்தில், ஆனால் சரியாமல், அது நிற்க வேண்டும். வயதுக்குரிய எடை வளைகோட்டை எட்டுவது அதன் வேலை அல்ல.

மூக்கின் வழியாகவோ வயிற்றில் நேரடியாகத் துளையிட்டோ குழாய் பொருத்தி ஊட்டும் முடிவும் இந்த இலக்கை வைத்தே எடுக்கப்பட வேண்டும். சர்க்கரை ஓயாமல் தாழும் குழந்தைக்கும், எதுவுமே இறங்காமல் மெலிந்துகொண்டே போகும் குழந்தைக்கும் குழாய் உயிர் காக்கும். வாயால் ஓரளவு உண்டு, தன் உயரத்துக்கேற்ற எடையில் நிற்கும் குழந்தைக்கு வெறும் எடைக்காகக் குழாய் பொருத்துவதைப் பன்னாட்டு வழிகாட்டி ஏற்பதில்லை. குழாய் வந்துவிட்டால் எவ்வளவும் செலுத்தலாம் என்ற வசதியே அதன் தீமை. வாய் வழி உண்ணும் பழக்கமும் மெல்ல மறந்துபோய், பிறகு கரண்டியைக் கண்டாலே குமட்டும் குழந்தைக்கு உண்ணக் கற்றுத்தரும் பேச்சு-விழுங்கல் பயிற்சியாளரைத் தேடி அலைய வேண்டியிருக்கும். கையில் கிண்ணத்தோடு மாடியிலும் பால்கனியிலும் துரத்தி, காக்கையைக் காட்டியும் செல்போனைக் காட்டியும் திணிப்பதும் அதே வெறுப்பைத்தான் வளர்க்கிறது, குழாய் இல்லாமலே.

வளர்ச்சி ஹார்மோன் ஊசியைப் பற்றித் தனியே நீட்ட வேண்டியதில்லை. கருவில் வளர்ச்சி குன்றிப் பிறந்து பின்னரும் எட்டிப் பிடிக்காத குழந்தைகளுக்கு அமெரிக்கா 2001இலும் ஐரோப்பா 2003இலும் அதை அனுமதித்தன. உயரம் தவிர, தசையைப் பெருக்கிப் பட்டினி தாங்கும் நேரத்தையும் அது நீட்டுகிறது. கேள்வி செலவைப் பற்றியது. 2021இல் வெளியான அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை வளர்ச்சி ஹார்மோன் பெறத்தக்கவையாகப் பிராடர்-வில்லி, டர்னர், நூனன் ஆகிய சிண்ட்ரோம்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. சில்வர்-ரசல் அதில் இல்லை. எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை அக்கொள்கையின் உயர்சிறப்பு மையங்களில் ஒன்றாக இருந்தும், அடையாற்றிலிருந்தோ மயிலாப்பூரிலிருந்தோ அங்கே செல்லும் குடும்பத்துக்கு இக்கோளாற்றின் பெயரால் கேட்கத்தக்க வாசல் திறக்கவில்லை. அடுத்த திருத்தத்தில் அதைச் சேர்க்கும்படி மாநில அரசு பரிந்துரைப்பதில் தடை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. ஐம்பது லட்சம் ரூபாய் வரை உதவ இடம் தரும் ஒரு கொள்கையில், மாதம் சில நூறு ரூபாய்க்கு அடங்கும் கீட்டோன் பட்டையும் உணவியலாளரின் ஒரு மணி நேரமும் எங்கும் கணக்கில் வராதது அதைவிடப் பெரிய விடுபாடு.

மாநிலத்தின் சொந்தத் திட்டங்களிலும் ஒரு சிறு கதவு தேவைப்படுகிறது. 2022இல் தொடங்கிய ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டம், மெலிந்த குழந்தைகளைத் தேடிப்பிடித்துச் செறிவூட்டிய உணவு கொடுத்து எடை ஏறியதைக் கணக்கிடுகிறது. லட்சக்கணக்கான குழந்தைகளுக்கு அதுவே சரியான வழி. ஆனால் சில்வர்-ரசல் குழந்தை அந்த வலையில் விழுந்தால் மாதாமாதம் தோல்வியாகப் பதிவாகும், அல்லது கொழுக்க வைக்கப்பட்டு வெற்றியாகப் பதிவாகும். வளர்ச்சிக் கோளாறு உறுதி செய்யப்பட்ட குழந்தைக்கு வயதுக்குரிய எடை என்ற கட்டத்தை விட்டுவிட்டு உயரத்துக்குரிய எடை என்ற கட்டத்தை மட்டும் நிரப்பலாம் என்று அங்கன்வாடிப் பணியாளருக்கு ஒரு குறிப்பு அனுப்பினால், ஏன் எடை ஏறவில்லை என்று அவரும் தாயும் மாறிமாறிப் பதில் சொல்ல வேண்டியிருக்காது. அதற்கும் முன்பாக, பிரசவ அறையில் நீளத்தை அளப்பது கட்டாயமாக வேண்டும். அதற்கான அளவுப் பலகை விலை மலிவானது. ஆனால் தலையை ஒருவர் பலகையோடு பொருத்திப் பிடிக்க, முழங்காலை இன்னொருவர் நீட்டிப் பிடித்தால்தான் எண் சரியாக வரும். இரவுப் பணியில் ஒரே செவிலியர் இருக்கும் இடத்தில் நாடாவை வைத்து உத்தேசமாக எழுதப்படும் நீளம், எழுதாமல் விட்டதைவிட மோசமானது.

மருத்துவர்களின் கண்காணிப்போடு ஐந்து வயதைத் தாண்டிய சில்வர்-ரசல் குழந்தை பள்ளிக்குப் போகத் தொடங்கும்போது கேள்வி வேறு வடிவில் மீண்டும் எழுகிறது. 2022 செப்டம்பரில் தொடங்கி அடுத்த ஆண்டு மாநிலத்தின் அரசு தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளிலும் நடக்கிறது. உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் மற்றப் பிள்ளைகளுக்குப் பெரும் உதவி; இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு உறங்கிய இக்குழந்தைக்கோ பள்ளியில் உணவு பரிமாறும் வரையிலான பன்னிரண்டு மணி நேரப் பட்டினி தாங்காது. பள்ளியில் போடுகிறார்களே என்று வீட்டில் காலை ஆகாரத்தை நிறுத்திவிடும் குடும்பத்திடம், எழுந்தவுடன் ஒரு வாழைப்பழமும் அரை டம்ளர் பாலுமாவது கொடுத்தனுப்பச் சொல்ல வேண்டும். பதினோரு மணி இடைவேளையில் வகுப்பிலேயே சிற்றுண்டி எடுத்துக்கொள்ள இக்குழந்தைக்கு ஆசிரியர் அனுமதி தரும்படி மருத்துவர் எழுதிக் கொடுக்கும் இரண்டு வரிச் சீட்டு, அந்த வருடத்துக்கு அதன் உணவுத் திட்டத்தின் பாதியாக இருக்கும்.